கணக்குப்பிள்ளை போனாலும் மூட்டைக்குள் சீட்டு இருக்கும்

அறந்தாங்கி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டு சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையில் மிரராக, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும்படி, போட்டுக் குடும்பப் படங்களைச் சேர்த்து வந்திருக்கிறார். கம்ப்யூட்டரைத் துவக்கும் சின்ன எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது. “படமெல்லாம் போச்சா?”

அநேகமாகப் போகவில்லை. அவசரப்பட்டு அந்த டிஸ்க்குகளை விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும் செருக வேண்டாம். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று அது கேட்கலாம். கை தவறி ‘சரி’ கொடுத்தால்தான் ஆபத்து.

ஒரு கடலை மண்டியில் கணக்கெல்லாம் கணக்குப்பிள்ளையின் நோட்டில் மட்டும் இருந்தால், அவர் போன அன்றே மண்டி முடங்கும். இசட்.எஃப்.எஸ். என்ற மண்டி அப்படியல்ல; இங்கே கணக்குப்பிள்ளை என்பது எஸ்.எஸ்.டி.யில் இருந்த சிஸ்டம், மூட்டை என்பது டிஸ்க். ஒவ்வொரு மூட்டையிலும் நான்கு சீட்டுகள்: வாய்ப்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு. எந்த மண்டி, ஜோடி மூட்டை எது என்ற விவரம் எல்லாவற்றிலும் உண்டு. எலி வாயைக் கடித்தாலும் அடிச்சீட்டு தப்பும். விவரம் மாறினால் முதலில் வாயில் ஒன்று, அடியில் ஒன்று. அவை எழுதி முடிந்த பிறகே மற்ற இரண்டு. நடுவில் கரண்ட் போனாலும் ஒரு ஜோடி முழுதாக நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். 256 கிலோபைட் சீட்டின் பாதியில் 128 கட்டங்கள் வரை வட்டமாக ஓடுகின்றன. சில விநாடிக்கு ஒருமுறை வரும் புதுப் பதிவு, முந்தையதை அழிக்காமல் அடுத்த கட்டத்தில் உட்காரும். கூடவே வரிசை எண்ணும் சரிபார்ப்புத் தொகையும். புதுக் கணக்குப்பிள்ளை, தொகை இடிக்கிற பதிவுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். அதுதான் கடைசி நல்ல நிலை.

ஆகவே புது எஸ்.எஸ்.டி.யில் சிஸ்டத்தை ஏற்றி, ‘இசட்பூல் இம்போர்ட்’ கொடுத்தால் பழைய பெயரோடு பூல், அதாவது அந்த டிஸ்க்குகளின் தொகுப்பு, கண்ணில் படும். அதைத் திறக்கப் போனால், வேறு கணினி கடைசியாகக் கையாண்டது என்று தடுக்கலாம். அந்தக் கணினி இனி இல்லை என்று உறுதியானால் மட்டும் ‘-எஃப்’ சேர்க்கலாம். முதல் தடவை, படிக்க மட்டும் திறப்பது நல்லது.

வரலாறு சுருக்கமாக: மிரர் போன்ற முறைகளுக்கான ‘ரெய்டு’ என்ற பெயர் 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எழுதிய கட்டுரையால் பரவியது. இசட்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்தது. மூல நிரல் 2005இல் வெளியானது.

‘மிரர் இருக்க பயமேன்’ என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். நீங்கள் அழித்த படம் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். எல்லாம் கிளவுடில் பத்திரம் என்பதும் பாதிதான்: 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களோடு செல்போன் தொடர்பும் விழுந்தது. வெளியூரில் உறவினர் வீட்டில் தனியாக ஒரு பிரதி இருக்கட்டும்.

வாசகர் ஒன்றைச் சொல்லவில்லை: பூலைக் குறியாக்கம் செய்து பூட்டி வைத்திருந்தாரா? பூட்டி, அதன் சாவிக் கோப்பு செத்த எஸ்.எஸ்.டி.யில் மட்டும் இருந்தால், டிஸ்க்குகள் நலமாக இருந்தும் படங்கள் திறக்காது. அப்படியானால் மீட்க வேண்டியது அந்தச் சின்ன எஸ்.எஸ்.டி.யைத்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.