மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

துபாயின் அல் குசைஸ் தொழிற்பேட்டைக் கராஜ்களில் இன்று ஒரு கார் பழுதென்று வந்தால், முதலில் ஸ்கேனரைத்தான் செருகிப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றில் ஸ்கேனர் செருக இடமே கிடையாது. அந்த எளிமைதான் அதை வாழவைத்தது.

இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனம் 1952 முதல் 1954 வரை செய்த சிறிய குடும்பக் கார் இது. 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. கியர்த் தடி ஸ்டியறிங்கோடு ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இது ஹயர் காராகி, கலியாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது.

1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. கார்கள் அதில் ஓடத் தொடங்கின.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே காபறேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். பிரித்தானிய வயல்களில் பெர்குசன் டிராக்டர்களும் இப்படித்தான் ஓடின. ஆனால் அவற்றின் எஞ்சின்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. பெற்றோலுக்குச் செய்த காரை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியது யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறன்.

அதற்கு எஞ்சினும் இடம் கொடுத்தது. கூடுதலாக அமுக்கினால் மண்ணெண்ணெய் ஆவி தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். இன்றைய பெற்றோல் எஞ்சின்கள் பலவும் கலவையைப் பத்து மடங்கும் அதற்கு மேலும் அமுக்குகின்றன. ஏ40 அமுக்குவது ஏழு மடங்கு அளவில்தான். தீப்பொறி விழும் நேரத்தையும் டிஸ்ரிபியூட்டரைக் கையால் திருப்பியே பிந்த வைக்கலாம். புகை என்னவோ தெருவை மூடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைக் கடந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், பெயரிங்குகள் தேயும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தக் கார்கள் நோயாளிகளைச் சுமந்தன.

இன்று பலர் ஏ40ஐத் திருத்திப் பூச்சடித்துக் கலியாண ஊர்வலங்களுக்கு எடுக்கிறார்கள். அதைக் காண எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் சிலர் வசதிக்காக ஜப்பான் எஞ்சினை ஏற்றிவிடுகிறார்கள். சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற புது பிஸ்ரனும் றிங்கும் போட்டால் பழைய எஞ்சினே இன்னும் பல வருடம் ஓடும். ஊரில் வீட்டுக் கொட்டிலில் ஏ40 ஒன்றை வைத்திருப்பவர்களே, அந்த எஞ்சினைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.