சூயஸ்: ஒரு யுத்தமும் நான்கு நியாயங்களும்

1956-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, அலெக்ஸாந்திரியாவில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன்னிலையில் எகிப்திய ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கியதையும், அஸ்வான் அணைக்குத் தருவதாயிருந்த கடனை அமெரிக்கா மறுத்ததே அதற்கு உடனடித் தூண்டுகோலாயிற்று என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். அதன்பின் பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஸர் அந்தோணி ஈடன் உலகத்துக்கு எடுத்துரைத்த நியாயங்களையும், அவரும் அவருடைய சகாக்களும் தமக்குள் பேசி எழுதிவைத்துக்கொண்டவற்றையும் ஒப்புநோக்குவதே இந்த வாரத்து வேலை.

முதலில் சொல்லப்பட்டது சட்ட நியாயம். சர்வதேச உடன்படிக்கையை மீறி நாசர் பிறர் சொத்தைக் கவர்ந்துகொண்டார் என்றார்கள். ஆனால் பாரிஸ் பங்குச் சந்தையின் கடைசி நாள் விலைப்படி பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு தருவதாக நாசர் அறிவித்திருந்தார். அந்தப் பங்குதாரர்களில் 44 சதவீதத்துக்கு உரிய பிரிட்டிஷ் சர்க்காரும் ஒருவர். ஜூலை 27-ஆம் தேதி கூடிய மந்திரிசபையின் குறிப்புகளே, சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பங்குகளை விலைகொடுத்து வாங்கும் தீர்மானத்துக்கு மேற்பட்டதன்று என்று ஒப்புக்கொள்கின்றன. மூன்று நாள் கழித்து, ஈடன் தலைமையில் அமைந்த எகிப்துக் கமிட்டி, கால்வாயைச் சர்வதேச நிர்வாகத்தில் வைப்பது இறுதி லட்சியமாயினும் உடனடி நோக்கம் எகிப்தின் சர்க்காரை வீழ்த்துவதே என்று பதிவு செய்தது. முப்பது ஆண்டு பூட்டிக் கிடந்து 1987-இல் வெளிவந்த இந்தக் காகிதங்களை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்து வந்த மாதங்களின் பேச்சுகளெல்லாம் வேறொரு பொருள் கொள்கின்றன.

இரண்டாவது நியாயம், கால்வாயை நடத்தும் திறமை எகிப்தியருக்கு இல்லை என்பது. ஆகஸ்டு மாதம் லண்டனில் கூடிய 22 நாடுகளில் 18 நாடுகள் சர்வதேச நிர்வாகத் திட்டத்தை ஆதரித்தன. எகிப்தின் உரிமையை அங்கீகரித்து, ஆலோசனை கூறும் சர்வதேசக் குழு ஒன்றை அமைக்கலாம் என்று இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் வைத்த யோசனையை சோவியத் ரஷ்யாவும் இந்தோனேசியாவும் இலங்கையுமே ஏற்றன. செப்டம்பர் நடுவில் அந்நிய மாலுமிகள், அதாவது கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள், பெருவாரியாக வேலையைவிட்டு விலகியபோது கால்வாய் ஸ்தம்பித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எகிப்தியரும் புதிதாக அமர்த்தப்பட்டவர்களுமாகச் சேர்ந்து கப்பல்களைத் தடையின்றி நடத்தினார்கள்.

இரண்டு நியாயங்களும் கையைவிட்டுப் போனபின், மூன்றாவது ஒன்றைப் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸுக்கு அருகில் ஸேவ்ர் என்னுமிடத்தில் ஒரு மாளிகையில் இஸ்ரேலியப் பிரதமர் பென்-குரியனும் பிரெஞ்சுத் தலைவர்களும் ரகசியமாகக் கூடினர். முதல் நாள் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி ஸெல்வின் லாயிடே அங்கே சென்றிருந்தார். 29-ஆம் தேதி மாலை இஸ்ரேல் எகிப்தைத் தாக்குவது, மறுநாள் பிரிட்டனும் பிரான்ஸும் இரு தரப்பாரையும் விலகச் சொல்லுவது, எகிப்து மறுத்தால் அதன்மேல் படையெடுப்பது என்று மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் எழுதிக் கையொப்பமிட்டார்கள். எழுதியபடியே எல்லாம் நடந்தது. கால்வாயிலிருந்து இருபுறமும் பத்து மைல் விலகவேண்டும் என்ற இறுதி எச்சரிக்கை 30-ஆம் தேதி விடுக்கப்பட்டபோது, இஸ்ரேலியப் படைகள் அந்த எல்லைக்கு வெகு தொலைவிலேயே இருந்தன. ஆகவே தாக்கப்பட்டவன் பின்வாங்கவும் தாக்கியவன் முன்னேறவுமே அந்தச் சமாதான வாக்கியம் இடமளித்தது.

இஸ்ரேலோடு முன்னேற்பாடு ஏதுமில்லை என்று லாயிட் மறுநாளே பார்லிமெண்டில் சொன்னார். தாக்குதல் வருமென்று தமக்கு முன்கூட்டித் தெரியாது என்று டிசம்பர் 20-ஆம் தேதி ஈடனும் சொன்னார். உடன்படிக்கைப் பிரதிகளை அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்ள அதற்கு முன்பே தம் அதிகாரிகளைப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தவரும் அவரே. ஆயினும் பென்-குரியன் தம் பிரதியைப் பத்திரப்படுத்தியிருந்தார்.

கால்வாயைக் காக்க வந்ததாகச் சொன்ன யுத்தம் கால்வாயையே அடைத்துவிட்டது. எகிப்தியர் அதில் கப்பல்களை மூழ்கடித்தனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நவம்பர் 2-ஆம் தேதி 64-க்கு 5 என்ற வாக்குகளால் போர்நிறுத்தம் கோரியது. அமெரிக்காவின் நிர்ப்பந்தமும் பவுண்டு நாணயத்தின் சரிவும் சேர்ந்து, 6-ஆம் தேதி நள்ளிரவில் துப்பாக்கிகளை நிறுத்தச் செய்தன. அதன்பிறகு நான்காவது நியாயம் பிறந்தது: சினாயில் குவிந்திருந்த ரஷ்ய ஆயுதங்களைக் கண்டீர்களா, பெரியதொரு சதியை அல்லவா முறியடித்தோம் என்றார்கள். ஒரே வீட்டுக்கு நான்கு கிரயப் பத்திரம் காட்டுகிறவனிடம் பஞ்சாயத்தார் என்ன கேட்பார்களோ, அதைத்தான், நான்காவது நியாயம் பிறக்குமுன்பே, எதிர்க்கட்சியைச் சேர்ந்த அனூரின் பெவனும் நவம்பர் 4-ஆம் தேதி டிரபால்கர் சதுக்கத்தில் கேட்டார். ஈடன் தாம் சொல்வதை மெய்யாகவே நம்புகிறாரென்றால், பிரதமராயிருக்கப் போதிய அறிவு அவருக்கு இல்லை என்றார்.

யுத்தத்துக்குச் சொல்லப்படும் காரணம் நல்லதா கெட்டதா என்று விவாதிக்கத் தொடங்குமுன், அந்தக் காரணம் பிறந்த தேதியையும் தீர்மானம் பிறந்த தேதியையும் கேட்டறிவது குடிமக்களின் கடமை. காரணம் மாறியும் தீர்மானம் மாறாதிருந்தால், அந்தத் தீர்மானம் சொல்லப்பட்ட காரணங்களில் எதையும் ஆதாரமாகக் கொண்டதன்று என்பது வெளிப்படை. இதை அன்றே உணர்ந்து பதவியைத் துறந்த துணை மந்திரி அந்தோணி நட்டிங், தாம் அறிந்ததை வெளியிட 1967 வரை காத்திருந்ததன் நியாய அநியாயத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)