எட்டாத கம்பி

பழைய கணிப்பொறியின் உறுப்புகளைப் புதியதொரு பெட்டிக்குள் மாற்றி அமைப்போர்க்கு நேரும் இடர் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். பழைய பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி மேற்புறத்தில் இருந்தது. இக்காலப் பெட்டிகளில் அது பெரும்பாலும் அடித்தளத்தில் அமர்கிறது. செயலிக்கு மின்சாரம் ஏற்கும் துளையோ தாய்ப்பலகையின் மேல் விளிம்பிலேயே இருக்கிறது. ஆதலின் கம்பி நான்கு விரற்கடை எட்டாமல் நின்றுவிடுகிறது. சத்தியமங்கலத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் கேட்பது ஒன்றே: "ஏனுங்க ஐயா, நடுவுல ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிச் சேர்த்தா ஆகாதுங்களா?"

ஆகும், ஆகாது. அக்கம்பி எதைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

முகப்புப் பொத்தானின் கம்பி சுமப்பது ஒரு சைகை மட்டுமே. பொத்தானை அழுத்தும்போது இரு முனைகள் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அதை மெல்லிய கம்பியால் நீட்டினாலும் கேடில்லை. அருகிலுள்ள சிறு விளக்கின் கம்பிக்கு மட்டும் நேர்முனையும் எதிர்முனையும் மாறலாகாது.

மின்சாரம் சுமக்கும் கம்பியின் செய்தி வேறு. கொங்கு நாட்டு உழவர்க்கு இது நன்கு தெரியும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இன்னும் நூறு அடி இறக்க வேண்டுமானால், கனத்த கம்பியையே தேடி வாங்குவர். மெல்லிய கம்பியானால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து மோட்டார் சூடேறும். கணிப்பொறியில் தொலைவு சிறிது. ஆயினும் மின்னோட்டம் பெரிது. 100 வாட் ஆற்றலை 230 வோல்ட்டில் பெற அரை ஆம்பியர்கூட வேண்டா. 12 வோல்ட்டில் பெறவோ 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நான்கு முள் செருகியில் இரண்டு கம்பிகள் அதனைக் கொண்டுசெல்ல, இரண்டு திருப்பிக் கொணர்கின்றன. ஆகவே கம்பிக்கு 4 ஆம்பியர். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள 18 கேஜ் தாமிரக் கம்பியால் அரை மீட்டர் நீட்டினால், போக்கிலும் வரவிலும் சேர்த்து 0.08 வோல்ட் அளவே இழப்பு. விட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கான 28 கேஜ் கம்பியானால் இழப்பு 0.8 வோல்ட்டைத் தாண்டும். 12 வோல்ட்டில் பொறுத்துக்கொள்ளத்தக்க குறைவு 0.6 வோல்ட்டே. போதாக்குறைக்குக் கம்பியும் கொதிக்கும்.

எனவே அதே கனமுள்ள கம்பியைக் கொண்டு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூட்டில் சுருங்கும் குழலை முன்னதாகவே கம்பியில் கோத்துக்கொள்க. பற்றவைத்த பின் அது நுழையாது. இணைப்புகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வாராதபடி முன்னும் பின்னுமாக அமைத்தல் நன்று.

மூன்றாவது வகையில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தகவல் வட்டைத் தாய்ப்பலகையோடு சேர்க்கும் சாட்டா கம்பி பார்வைக்கு எளியது. என்னிடம் வந்த ஒரு மாணவன் அதை வெட்டி ஒட்டியிருந்தான். வட்டு சில வேளை தெரியும். சில வேளை மறையும். அவன் தமக்கையின் ஆய்வேடு முழுவதும் அதிலேதான் இருந்தது.

காரணம் யாது? 2009-இல் வந்த சாட்டா முறையில் நொடிக்கு 600 கோடி துடிப்புகள் வரை செல்கின்றன. கம்பியில் ஒரு துடிப்பின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலில் கரை திடீரென ஒடுங்கும் இடத்தைப் பாருங்கள். அலையின் ஒரு பகுதி அங்கே மோதித் திரும்புகிறது. இணைகம்பிகளின் இடைவெளி மாறிய ஒட்டிலும் அவ்வாறே துடிப்பு திரும்பிப் பின்வருவதைக் குழப்புகிறது. முந்தைய காலத்துத் தட்டைக் கம்பியிலும், வேகம் கூடியபோது 40 இழைகளுக்கிடையே மேலும் 40 தரை இழைகளைச் சேர்க்க நேர்ந்தது. அவை தகவல் எதனையும் சுமவா. அயல் இழையின் தொல்லையைத் தடுக்கும் வேலிகள்!

சாட்டா கம்பிக்கு விதித்த எல்லை 1 மீட்டர். அதற்குட்பட்ட முழுக் கம்பியாக வாங்குவதே முறை. அம்மாணவனும் அவ்வாறே வாங்கி மாற்றினான், ஆய்வேடு பிழைத்தது.

மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் பற்றியும் திறவாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றி மாட்டும் கம்பிகளை வேறு நிறுவனத்தின் மின்வழங்கியில் செருகவும் வேண்டா. துளை பொருந்தும், முள்வரிசை மாறியிருக்கும், வட்டு எரிந்துபோகும். நீட்டிய கம்பியை மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு முள்ளையும் மல்டிமீட்டரால் தொட்டு, உரிய முனையோடு சேர்ந்துள்ளதா, அடுத்ததோடு ஒட்டாதிருக்கிறதா என இருமுறை பாருங்கள்.