ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு வெட்டு

மைக்ரோசர்வீஸ் டயகிராம் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடக்கும், பார்த்திருப்பீங்க. கோடுகள் வெட்டிக்காம ஒரு கிராஃபை வரைய முடியுமான்னு கண்டுபிடிக்க ஹாப்கிராஃப்ட்டும் டார்ஜானும் 1974லேயே செம வேகமான அல்காரிதம் கொடுத்துட்டாங்க.

சரி, கொஞ்சம் தளர்த்துவோம்: ஒரு கோட்டுக்கு ஒரு வெட்டு வரைக்கும் ஓகே. ரிங்கெல் 1965ல் ஆராய்ந்த வகை இது. கோடுகளுக்கு உச்சவரம்பு உண்டு: புள்ளிகளின் எண்ணிக்கையை 4ஆல் பெருக்கி 8 கழிக்கணும். 6 புள்ளிகளை ஒன்றுவிடாமல் இணைக்க 15 கோடு; வரம்பு 16. நிஜமாவே வரைஞ்சிடலாம். 7 புள்ளிக்கு 21 கோடு வேணும், வரம்பு 20. ஒரே கோட்டில் போச்சு!

விதி தளர்ந்தா வேலை சுலபமாகணும்ல? அதுதான் இல்லை. இப்படி வரைய முடியுமான்னு சோதிப்பது என்பி-கம்ப்ளீட். எல்லா கிராஃபுக்கும் வேகமா பதில் சொல்ற அல்காரிதம் இதுவரை யார்கிட்டயும் இல்லை.