வீடு திரும்பிய பின் வரும் முதல் மார்கழி: விறகுப் புகையும் நுரையீரலும்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் நாள்கள் நுரையீரல் நோயாளர்களுக்குச் சோதனையான நாள்கள். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, காசநோய்க்குப் பின் எஞ்சிய தழும்பு ஆகியவற்றோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு இதுவே முதல் குளிர்காலம் எனில், குடும்பத்தார் இயல்பாகவே அவரைக் கதகதப்பாக வைத்திருக்க முற்படுவர். கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு மூட்டப்படும். சில வீடுகளில் தணல் நிறைந்த சட்டி படுக்கையருகே வைக்கப்படும். அன்பினால் செய்யப்படும் இச்செயல்களே நோயாளரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடலாம். அவருக்குத் தேவைப்படுவது வெப்பம் மட்டுமே, புகை அன்று. இரண்டையும் பிரித்துக் கையாளும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நம் ஊர்க் குளிருக்கு நெருப்பு தேவையா?

பனி பொழியும் நாடுகளில் வீட்டையே சூடாக்காவிடில் உயிர் பிழைப்பது அரிது. அங்கே விறகு அடுப்புக்கு இரும்புக் கதவும் கூரைக்கு மேல் எழும் புகைபோக்கியும் உண்டு. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களின் விடியற்கால வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். இக்குளிருக்கு அறையைச் சூடாக்க வேண்டுவதில்லை; உடலின் வெப்பம் வெளியேறாமல் காத்தாலே போதும். அதற்குத் துணியும் போர்வையும் போதுமானவை. ஆகவே நம் வீடுகளில் விறகு எரிவது பெரும்பாலும் குளிக்கும் நீருக்காகவே. அதற்கு மாற்று வழிகள் உள்ளன.

புகைக்குள் இருப்பவை

விறகு முழுமையாக எரிந்தால் எஞ்சுவது சாம்பல், நீராவி, கரியமில வாயு ஆகியவையே. வீட்டு அடுப்பில் அவ்வாறு முழுமையாக எரிவதில்லை. அரைகுறையாக எரிந்த பகுதியே புகையாகிறது. அதில் 2.5 மைக்ரானுக்கும் நுண்ணிய துகள்கள் ஏராளம். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள இத்துகள்களை மூக்கின் ரோமமோ தொண்டையின் சளியோ முழுமையாகத் தடுப்பதில்லை. அவை காற்றுப்பைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக்குழாய் மேலும் சுருங்குகிறது, சளி பெருகுகிறது, கிருமித்தொற்றுக்கு இடமாகிறது.

புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களுக்கும் இந்நோய் வருவதன் காரணம் இதுதான். 1950களில் டெல்லியில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி, நுரையீரல் நோயால் இதயம் பாதிக்கப்படும் நிலை புகைபிடிக்காத பெண்களிடமும் மிகுதியாக இருப்பதைக் கண்டு, சமையலறைப் புகையின் பங்கைச் சுட்டிக்காட்டினார். வீட்டுக்குள் எழும் எரிபொருள் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

மழைக்குப் பின் வரும் ஈர விறகு

குளிர்நாட்டார் கோடையில் விறகைப் பிளந்து அடுக்கி, மாதக்கணக்கில் உலர்த்தியே குளிர்காலத்துக்குப் பயன்படுத்துகின்றனர். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது நன்கு எரியும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும்.

நம் பகுதியிலோ காலம் நேர்மாறாக அமைந்துள்ளது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்காலம். அது முடிந்ததும் குளிர் தொடங்குகிறது. எனவே விறகு மிகவும் நனைந்திருக்கும் வேளையில்தான் நமக்கு வெந்நீர் தேவைப்படுகிறது. சவுக்கு, வேலிக்காத்தான், தென்னை மட்டை எதுவாயினும் ஈரமாக இருந்தால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். நெருப்பின் சூடு குறைய, புகை பெருகும்.

கட்டடப் பணியிடங்களிலிருந்து கிடைக்கும் சென்ட்ரிங் பலகை, பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த சட்டம் ஆகியவற்றை எரிப்பது இன்னும் தீங்கானது. பசையும் வண்ணப்பூச்சும் நச்சுவாயுக்களை வெளியிடும். நெருப்புப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் உறையையோ ரப்பரையோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

விடியற்காலையில் புகை ஏன் தங்கிவிடுகிறது?

குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைகிறது. அதனால் புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே தேங்குகிறது. வெயில் ஏறிய பின்னரே அது கலைகிறது. 1952 டிசம்பரில் லண்டனில் வீட்டுக் கணப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை ஐந்து நாள்கள் இவ்வாறு தேங்கியதால் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நம்மருகிலேயே 2018 போகியன்று புகையும் மூடுபனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டது நினைவிருக்கும்.

எனவே நுரையீரல் நோயாளர் மார்கழியில் விடியற்கால நடைப்பயிற்சியைத் தவிர்த்து, வெயில் வந்தபின் நடப்பது நன்று. போகியன்று காலை முழுவதும் சன்னல்களை மூடி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

புகை கண்ணை உறுத்துவதால் நாம் விலகிவிடுகிறோம். தணலோ புகைவதில்லை, ஆகவே அதைத் தீங்கற்றது எனக் கருதிவிடுகிறோம். உண்மையில் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு தொடர்ந்து வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பிணைகிறது. உறங்கிக்கொண்டிருப்பவர் விழிக்காமலேயே உயிரிழக்கலாம். கொடைக்கானல் போன்ற மலையூர்களில், மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியோர் மறுநாள் எழாத துயரங்கள் நிகழ்ந்துள்ளன. விடுமுறைக்கு மலைக்குச் செல்லும் குடும்பங்கள் இதை மறத்தலாகாது. காற்றோட்டமற்ற குளியலறையில் இயங்கும் கேஸ் கீசராலும் இதே ஆபத்து நேரலாம்.

தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம், அயர்வு ஆகியவை இந்நஞ்சின் அறிகுறிகள். ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றினால் ஐயமே வேண்டா. உடனே அனைவரும் வெளியேற வேண்டும்.

பராமரிப்போர் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏற்றிய இரத்தத்தையும் பிரித்தறிய இயலாது. உயிர் போகும் நிலையிலும் அது 98 எனக் காட்டலாம். எனவே அந்த எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டா.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர்

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆயினும் அருகிலுள்ள துணி, முடி, குழாய் யாவற்றையும் மிக விரைவாக எரியச் செய்யும். ஆக்சிஜன் கருவிக்கும் நெருப்புக்கும் இடையே குறைந்தது 10 அடி இடைவெளி வேண்டும். அடுப்புக்கு மட்டுமன்றிப் பூசையறை விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொசுவத்தி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். குளிரில் மூச்சிரைப்பு மிகுந்தால், மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் ஆக்சிஜனைத் தாமாகக் கூட்டலாகாது. சி.ஓ.பி.டி. நோயாளர் சிலருக்கு அது இரத்தத்தில் கரியமில வாயுவைப் பெருக்கி மயக்கத்தில் ஆழ்த்தும்.

புகையின்றிக் கதகதப்புப் பெற

• பருத்தி உள்ளாடை, அதன்மேல் கம்பளி மேலாடை, காலுறை, காதை மூடும் மப்ளர் என அடுக்கடுக்காக அணிவிக்கவும். ஒரு கனத்த ஆடையைவிடப் பல மெல்லிய ஆடைகள் வெப்பத்தை நன்கு காக்கும்.

• குளியலை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்ளவும். அதனால் தேவைப்படும் வெந்நீரின் அளவும் குறையும்.

• நீரை எரிவாயு அடுப்பிலோ மின்கருவியிலோ சூடாக்கவும். வாளியில் இடும் மின்கம்பியைப் பயன்படுத்துவோர், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே நீரைத் தொட வேண்டும்.

• சாம்பிராணிப் புகையும் கொசுவத்தியும் நுரையீரலுக்குப் புகையே. கொசுவலை போதுமானது.

• இன்ஹேலரைக் குளிர்காலத்தில் நிறுத்தலாகாது. இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் கேட்டறியவும்.

விறகைத் தவிர்க்க இயலாத வீடுகளில்

எரிவாயு உருளையின் விலை எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று என்பதை நாம் அறிவோம். விறகே வழி எனில், அடுப்பைத் திறந்தவெளியில், சன்னல்களிலிருந்து விலக்கி அமைக்கவும். புகை நோயாளரின் அறைப்பக்கம் செல்லாதவாறு காற்றின் திசையைக் கவனிக்கவும். மழைக்கு முன்பே விறகைப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேற்புறம் மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விடவும். மெல்லிய துண்டுகளைச் சிறிது சிறிதாக இடவும், பாத்திரத்தை மூடிவைக்கவும். அடுப்பைக் கவனிக்கும் பொறுப்பை நோயாளரிடமோ கருவுற்ற பெண்ணிடமோ சிறுவரிடமோ ஒப்படைக்க வேண்டா. வேலை முடிந்ததும் தணலை நீரூற்றி அணைக்கவும். அதை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது.

பக்கத்து வீட்டுப் புகை வருமாயின், வீட்டில் நுரையீரல் நோயாளர் இருப்பதை அவர்களிடம் பணிவுடன் தெரிவிக்கவும். அடுப்பு மூட்டும் நேரத்தை அவர்கள் மாற்றிக்கொண்டாலே பெரிய உதவியாகும்.

தூய காற்றே மருந்தான இடம்

காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து தாம்பரத்தருகே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். பின்னர் அதை அரசு ஏற்றது. இன்றும் அப்பகுதியின் இரயில் நிலையம் சானடோரியம் என்றே வழங்குகிறது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய மருத்துவம். இன்று நம்மிடம் மருந்துகள் உள்ளன. ஆயினும் அம்மருந்துகள் முழுப்பயன் தர, உள்ளிழுக்கும் காற்று தூயதாக இருக்க வேண்டும். வெளியே புகையில்லாத பகற்பொழுதில் சன்னல்களைத் திறந்துவைத்து, நோயாளருக்குப் போர்வை போர்த்துவதே சரியான முறை.

எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சிரைப்பு, உதடு அல்லது நகம் நீலமாதல், சளியின் நிறம் மாறி அளவு மிகுதல், வழக்கத்துக்கு மாறான உறக்கம் அல்லது குழப்பம், இன்ஹேலர் எடுத்தும் தணியாத இழுப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108 எண்ணை அழைக்கவும். அறையில் கரியோ விறகோ எரிந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்கவும். சிகிச்சையின் திசையை அந்த ஒரு செய்தியே மாற்றக்கூடும்.