ரயில் வரும்போது குறைக்கப்படும் பேருந்துகள்: யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?

புதிய ரயில் தடம் திறக்கப்படும் நாளில் எல்லோருடைய கவனமும் ரயிலின் மீதே இருக்கும். அதையொட்டி மாற்றப்படும் பேருந்துத் தடங்கள் பேசுபொருளாவதில்லை. ரயிலுக்கு இணையாக ஓடிய பேருந்தின் நடைகள் குறைக்கப்படுகின்றன. எஞ்சியவை ரயில் நிலையத்தோடு நின்றுவிடும் இணைப்புப் பேருந்துகளாகின்றன. ஒரே பேருந்தில் வேலைக்குச் சென்றவர் இனி இருமுறை ஏறி இறங்க வேண்டும். இருமுறை கட்டணம் செலுத்தவும் நேரலாம். இந்த இழப்பு எந்தச் சமூகத்தின் மீது விழுகிறது என்பதும், முடிவெடுக்கும் முன் அச்சமூகம் கேட்கப்பட்டதா என்பதும் சட்டத்தின் கேள்விகள். அமெரிக்கக் கறுப்பின மக்களும் பிற சிறுபான்மையினரும் இக்கேள்விகளை எழுப்பிப் பெற்ற அனுபவம் நமக்குப் பயன்படக் கூடியது.

சட்டம் சொல்வது என்ன?

ஒன்றிய அரசின் நிதியைப் பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பிறப்பிட நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தின் (1964) ஆறாம் பகுதி. இதை நடைமுறைப்படுத்த அந்நாட்டின் ஒன்றியப் போக்குவரத்து நிர்வாகம் 2012இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, பெருநகரப் போக்குவரத்து நிறுவனங்கள் பெரிய சேவை மாற்றங்களைச் செய்யும் முன் ‘சமத்துவ ஆய்வு’ நடத்த வேண்டும். எது ‘பெரிய மாற்றம்’, எந்த அளவைத் தாண்டினால் அது ‘பாரபட்சமான விளைவு’ என்னும் வரையறைகளையும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டே வகுக்க வேண்டும்.

ரயில் திட்டங்களுக்கு விதி இன்னும் கடுமையானது. பேருந்து மாற்றம் சிறியதே ஆனாலும், ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஆய்வை நடத்த வேண்டும்; இணையாக ஓடும் பேருந்துகளையும் இணைப்புப் பேருந்துகளையும் சேர்த்தே ஆராய வேண்டும். பேருந்தை நிறுத்திவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவிப்பதற்கு இவ்விதி இடம் தருவதில்லை.

போராட்டம் பெற்றுத் தந்தவை

இவ்வுரிமைகளுக்குப் பின்னால் தெருப்போராட்டங்கள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 1994இல் பேருந்துக் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக உயர்த்தவும், மாதாந்திரப் பயண அட்டையை ஒழிக்கவும் தீர்மானித்தது. அதே காலத்தில் பசடேனா ரயில் திட்டத்திற்கு 12.3 கோடி டாலர் ஒதுக்கியது. பேருந்துப் பயணிகளில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பின, லத்தீன், ஆசிய உழைக்கும் மக்கள். பேருந்துப் பயணிகள் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் ஆறாம் பகுதியின் கீழ் வழக்குத் தொடுத்தன. 1996இல் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பாணை மாதாந்திர அட்டையைக் காப்பாற்றியது. பேருந்து நெரிசலைப் படிப்படியாகக் குறைக்க ஆணையத்தைப் பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்தியது.

செயின்ட் பால் நகரின் அனுபவம் வேறு வகையானது. அங்கு ரோண்டோ என்னும் கறுப்பினக் குடியிருப்பை 1950, 60களில் நெடுஞ்சாலை பிளந்து அழித்தது. பின்னர் அப்பகுதியை ஒட்டிய யுனிவர்சிட்டி அவென்யூவில் இலகு ரயில் திட்டமிடப்பட்டபோது, ஏழை மக்கள் செறிந்து வாழும் பகுதியில் நிலையங்கள் ஒரு மைல் இடைவெளியில் வைக்கப்பட்டன. அதே சாலையில் ஓடிய 16ஆம் எண் பேருந்தின் நடைகளைக் குறைக்கவும் திட்டம் இருந்தது. ரயில் நிற்காமல் கடந்துபோகும், பேருந்தும் குறையும் என்ற நிலையை எதிர்த்துக் குடியிருப்போர் கூட்டமைப்பு அமைத்துப் போராடினர். நிலையங்களைக் கூட்டத் தடையாக இருந்த செலவுத்திறன் அளவுகோலை 2010இல் ஒன்றிய அரசு தளர்த்தியது. வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் என மூன்று நிலையங்கள் சேர்க்கப்பட்டன; 2014 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியது.

சட்டத்தின் எல்லை

ஆனால் இச்சட்டத்தை மிகையாகவும் மதிப்பிடலாகாது. அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல் வழக்கில் (2001) அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே செய்த பாகுபாட்டை எதிர்த்து மட்டுமே தனிநபர் ஆறாம் பகுதியின் கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்றது. பாரபட்சமான விளைவைக் காட்டி வழக்காடும் வழி அடைபட்டது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் நிர்வாக ஆணை, விளைவுவழிப் பாகுபாட்டின் மீதான நடவடிக்கைகளைப் பின்னுக்குத் தள்ளுமாறு அரசுத் துறைகளைப் பணித்தது. அணிதிரண்ட மக்கள் இல்லாத இடத்தில் கருத்துக்கேட்பு வெறும் சடங்காகிவிடும்.

சென்னையில் நம் நிலை

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். அதில் ஒரு தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி செல்கிறது. நகரின் நடுப்பகுதியிலிருந்து அகற்றப்பட்ட தலித் மக்கள் பெருவாரியாக வாழும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் அச்சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டியவை. வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் நகருக்குள் செல்லும் பெண்களுக்கு, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் கிடைக்கிறது. மெட்ரோவில் அச்சலுகை இல்லை. ஆகவே ரயிலைக் காரணங்காட்டி இப்பேருந்துகள் குறைக்கப்பட்டால், இப்பெண்கள் நேரத்தோடு ஒரு நலத்திட்டத்தையும் இழப்பார்கள்.

தடத்தின் நடைகளைக் குறைக்கும் முன் சாதிவாரி விளைவை ஆராய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் (1988) கட்டாயப்படுத்தவில்லை. எனினும் நம் கைகள் வெறுமையாக இல்லை. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளின் விவரங்களை அரசு அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(இ) பிரிவு. பாதிக்கப்பட்டோருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அடுத்த உட்பிரிவு. நடுநிலையாகத் தோன்றும் அளவுகோலும் விளைவால் பாகுபாடாகலாம் என்பதை லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் (2021) நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது.

எனவே மூன்று பணிகள் நம்முன் உள்ளன. ஒவ்வொரு குடியிருப்பிலும் இன்றைய பேருந்து எண்கள், நடைகள், முதல், கடைசிப் பேருந்து நேரம் ஆகியவற்றை இப்போதே பதிவு செய்ய வேண்டும். இன்றைய கணக்கு இல்லாவிட்டால் நாளைய குறைப்பை மெய்ப்பிக்க இயலாது. ரயில் திறப்புக்கு ஆறு மாதங்களுக்கு முன், குடியிருப்புக்குள்ளேயே, மாலை நேரத்தில், தமிழில் கருத்துக்கேட்பு நடத்தக் கோர வேண்டும். சாதி, பாலினம், வருமானம் வாரியான சமத்துவ ஆய்வைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் விதியாகவே ஆக்கும்படி வலியுறுத்த வேண்டும். முதற்பணியைக் கல்லூரி மாணவர்கள் இந்த வாரமே ஒரு குறிப்பேட்டோடு பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிவிடலாம்.