உவர்நிலக் குறிப்புகள் – 9: வருமானம் தராத பூங்காக்கள்

2015 ஜூன் 22 அன்று இலங்கையின் வடக்கில் ஒரே நாளில் நான்கு தேசிய பூங்காக்கள் பிரகடனமாகின. மன்னார்ப் பக்கம் ஆதாம் பாலமும் மடு வீதியும்; எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் சுண்டிக்குளமும் நெடுந்தீவும். சுண்டிக்குளம் 19,565 ஹெக்டேயர். நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர், அதாவது அந்தத் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வர்த்தமானி அச்சடிக்கப் பெரிய செலவில்லை. காவலருக்குச் சம்பளம், படகுக்கு எண்ணெய், எல்லை அளக்க ஆட்கள், கோடையில் விலங்குகளுக்குத் தண்ணீர் என்று செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. இந்த வாரம் காசைப் பற்றிப் பேசவேண்டும்.

1949 இல் உருவான வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பணம் வரும் வழிகள் சில. திறைசேரி ஆண்டுதோறும் ஒதுக்குவது ஒன்று. பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் சேரும் நிதியம் இன்னொன்று. வெளிநாட்டுக் கடனும் உதவியும் மூன்றாவது. கட்டணம் எங்கிருந்து வருகிறது? யால, உடவளவை, மின்னேரியா, ஹோட்டன் சமவெளி. முதல் மூன்றும் சிறுத்தையும் யானைக் கூட்டமும் பார்க்க ஜீப் வரிசை நிற்கும் இடங்கள். 2016 இல் உலக வங்கி 4.5 கோடி டொலர் கடன் கொடுத்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று வந்தது. அதில் நிலத்தோற்ற மேலாண்மைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவை வில்பத்துவும் சிங்கராஜாவும். மற்றப்படி திணைக்களத்தின் பொழுதெல்லாம் யானையோடுதான். அதைக் குறைசொல்ல மாட்டேன். 2023 இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இறந்த நாடு இது. ஆனால் எங்கள் பக்கம் யானைப் பிரச்சினை பெரிதில்லை, ஜீப் வரிசையும் இல்லை. வருமானத்தையும் ஆபத்தையும் வைத்து மட்டும் காசைப் பங்கிட்டால் எங்கள் பூங்காக்களின் முறை எப்போதும் கடைசியில்தான் வரும்.

சுண்டிக்குளத்தை ஆங்கிலேயர் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கிவிட்டார்கள். கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் கொண்டுவரும் மாரி நீர் கடல்நீரேரியின் உப்போடு கலக்கிறது. வெள்ளம் வடிந்து மேட்டுச் சேறு தெரியத் தொடங்கும் நாட்களில் போய்ப் பாருங்கள். பூநாரை கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் வைத்துக்கொண்டு, தன் காலாலேயே சேற்றைக் கலக்கியபடி மெல்ல நகரும். நாக்கு உள்ளே பம்பி போல இயங்கிச் சேற்று நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரச் சல்லடையில் பாசியும் சின்ன இறாலினங்களும் தங்கிவிடும். நீரின் ஆழமும் உப்பும் பிசகினால் அந்த உணவு இல்லை. உணவு இல்லையென்றால் பறவை நிற்காது.

அதே சேற்றைச் சுற்றி மனிதரும் வாழ்கிறார்கள். பல ஆண்டு யுத்தம், 2009 இல் அதன் முடிவு, முகாம், கண்ணிவெடி அகற்றல் எல்லாம் கடந்து ஊர் திரும்பிய கடற்றொழிலாளர் குடும்பங்கள் அவை. திரும்பி வந்தவர்களின் மீன் வாடிக்கும் களங்கட்டி வலைக்கும் பக்கத்தில் ஒருநாள் எல்லைக்கல் நடப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சுண்டிக்குளத்துக்கு முதலில் செலவழிக்க வேண்டிய காசு நேர்மையான நில அளவைக்குத்தான் என்பது என் முடிவு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் கிராம அலுவலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது பறவையின் இடம், எது பரம்பரைத் தொழிலிடம் என்று அளந்து வரைபடம் போடவேண்டும். அடுத்த காசு, அந்த ஊர்ப் பிள்ளைகளையே காவலராக நிரந்தர நியமனத்தில் எடுப்பதற்கு. நீரேரியின் ஒவ்வொரு வாய்க்காலும் அவர்களுக்குத் தெரியும்.

நெடுந்தீவின் கதை வேறு. ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகள் காடேறி, தெற்குப் பக்கத்துக் கல்வெளியில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. மழை பெய்தால் புல்லுக்குக் குறைவில்லை. ஆடி, ஆவணியில் கேணிகள் வற்றிவிடும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் நீரில்லாமல் குதிரைகள் செத்த செய்தி வந்துகொண்டே இருக்கிறது. உடனே பவுசரும் தொட்டியும் வரும், படம் பிடிப்பார்கள், மாரி பெய்ததும் எல்லாம் மறந்துபோகும். மனிதர் கொண்டுவந்த விலங்கு என்பதால் யார் பொறுப்பு என்ற இழுபறியும் உண்டு. தேசிய பூங்கா என்று பிரகடனம் செய்த பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை. பழைய கேணிகளைத் தூர்வாரிக் கட்டு உயர்த்துவது கோடிக்கணக்கில் விழுங்கும் வேலையும் இல்லை. பங்குனியிலேயே காசு கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆவணியில் வரும் ஒதுக்கீட்டால் எந்தக் குதிரைக்கும் பயனில்லை.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நடப்பதையும் சொல்லவேண்டும். 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலை ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகம் ஆக்கியது. முதற்கட்டமாக 5 கோடி இந்திய ரூபாயும் ஒதுக்கியது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவரை வனத்துறை அழைத்து வெகுமதி கொடுக்கிறது. அந்தக் கடற்பசுவைப் பார்க்க யாரும் கட்டணம் கட்டி வருவதில்லை. வருமானத்தைக் கணக்குப் பார்க்காமல் அரசு காசு போட முடியும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் வேண்டுமா?

2022 இல் நாடு வங்குரோத்தானது எனக்கும் தெரியும். ஜீப்புக்கே எண்ணெய் இல்லாத காலம் அது. அதனால்தான் பெரிய தொகை கேட்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் வனசீவராசிகளுக்குப் பொறுப்பான அமைச்சின் ஒதுக்கீடு தனியாகப் பேசப்படுகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு இன்று ஆறு உறுப்பினர் இருக்கிறார்கள். சுண்டிக்குளத்துக்கு எவ்வளவு, நெடுந்தீவுக் கேணிகளுக்கு எவ்வளவு என்று அந்த நாளில் எழுந்து கேட்கும்படி, நீங்கள் வாக்களித்தவருக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுங்கள்.